நடுப்பகல் இருட்டு

எங்கள் முத்துச்சாவடித் தெருவில் முப்பத்தொரு வீடுகள் இருந்தன, முப்பத்தொரு வாசல்களுக்குள்ளும் முப்பத்தொரு இருட்டுகள் இருந்தன. எங்கள் பட்டினத்தில் பெண்ணைக் கட்டிக்கொடுத்தால் பெண் போவதில்லை, மாப்பிள்ளைதான் வருவான் என்பதால் வீடு உம்மாவிடமிருந்து மகளுக்கு வந்தது, வீட்டோடு சேர்ந்து இருட்டும் வந்தது. உச்சி வெயில் சுண்ணாம்புச் சுவரில் பட்டுத் தெறித்துக் கண்ணைக் குத்துகிற நேரத்தில், தெருவில் நடக்கிறவனுக்குத் திறந்து கிடக்கும் வாசலெல்லாம் கரி பூசியது போலத்தான் தெரியும். உள்ளே இருக்கிறவர்களுக்கோ அவன் சட்டைப்பையில் குத்தியிருக்கும் பேனாவின் மூடி என்ன நிறம் என்பது வரை தெரியும். அந்த ஓரவஞ்சனை பிடித்த இருட்டுக்குள்தான் எங்கள் பெண்கள் ஈரத் தலையை விரித்துப்போட்டுக் காயவைத்தார்கள், மருமகன்கள் மேல்சட்டை இல்லாமல் ஊஞ்சலில் மல்லாந்து கிடந்தார்கள், வெளியே முகம் பார்க்காத மதினிமார் உள்ளே ஒரே முறத்தில் அரிசி பொறுக்கினார்கள். பகலில் கதவைச் சாத்தும் வழக்கமே எங்களுக்குக் கிடையாது. இருட்டுதான் கதவு.

அதைக் கலைத்தவள் சுலைகா. கெட்ட எண்ணத்தோடு அல்ல. இருபத்திரண்டு வருஷம் தோகாவில் ஓட்டல்களையும் அடுக்குமாடிகளையும் படம் பிடித்துக் கொடுக்கும் வேலையில் இருந்துவிட்டு, நாற்பத்தேழு வயதில், ஒரு ட்ரைபாடும் ஒரு கறுப்புப் பெட்டியுமாக உம்மாவின் வீட்டுக்குத் திரும்பியிருந்தாள். கடல் தாண்டிப் பிழைக்கும் எங்கள் ஊர்க்காரர்கள் நடத்தும் சங்கத்துக்கு அது ஐம்பதாவது வருஷம். அதற்குப் போடும் மலரில் முத்துச்சாவடித் தெருவின் ஒவ்வொரு வீடும் இருக்க வேண்டும், பார்க்கிறவனுக்கு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டு வந்த மாதிரி இருக்க வேண்டும் என்று அவளுக்கு எழுதிக் கேட்டிருந்தார்கள்.

வெயிலுக்கு அளந்து எடுத்தால் உள்ளே கரி, உள்ளுக்கு அளந்து எடுத்தால் தெரு வெள்ளைத்தாள். அதனால் சுலைகா ஒரு வீட்டுக்கு ஏழு படம் எடுத்தாள், கேமரா ஒரு மயிரிழை நகராமல். முதல் படம் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும், அதில் வானமும் சுவரும் மட்டும் இருக்கும். ஏழாவது படத்துக்கு எட்டு நொடி, அதில் தெரு எரிந்துபோய், உள்ளே ஊஞ்சல் சங்கிலியின் கண்ணிகள் ஒவ்வொன்றாகத் தெரியும். பிறகு கம்ப்யூட்டரில் ஏழையும் ஒன்றாக்குவாள். எச்டிஆர் என்று இதற்குப் பெயர், ஊரில் கல்யாணப் படம் எடுக்கிற பையன்களும் இதைச் செய்கிறார்கள், ஆனால் அவர்கள் செய்தால் மேகமெல்லாம் பாகில் முக்கியெடுத்தது போலாகும், வேப்பிலை பிளாஸ்டிக் ஆகும், மொட்டைமாடி விளிம்பைச் சுற்றி ஒரு வெள்ளைக் கோடு ஓடும். சுலைகா அந்தக் கோட்டை அழிப்பதற்கே ஒரு பகல் முழுக்க உட்கார்வாள். கண் பார்க்கிற மாதிரி இருக்கணும், அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் வேண்டாம் என்பாள்.

முதலில் எடுத்தது தெரு ஜமாத்தின் தலைவர் முத்துவாப்பா காக்கா இருக்கும் வீட்டை. மூத்த ஆணைக் காக்கா என்றும் மூத்த பெண்ணை லாத்தா என்றும் அழைப்பது எங்கள் வழக்கம். படம் முடிந்த மறுநாள் உச்சியில், அந்த வீட்டு வாசலில் இருட்டு இல்லை. வெயில் உள்ளே போகவில்லை, விளக்கும் எரியவில்லை. சுவரின் வெள்ளை சுவரில் இருந்தது, தெருவின் சூடு தெருவில் இருந்தது, அதோடு கூடம், கூடத்துக்கு அடுத்த கட்டு, அதற்கும் அடுத்த அடுப்பங்கரை, அங்கே எண்ணெய்ப் பிசுக்கேறிய ஜாடியின் மூடி வரைக்கும் எதிர்ச்சாரியில் நிற்கிறவனுக்குத் தெரிந்தன. முத்துவாப்பா காக்கா ஊஞ்சலில் வயிற்றைச் சொறிந்துகொண்டிருந்தார். தெருவில் நின்ற எங்களை அவர் பார்த்தார், நாங்கள் அவரைப் பார்த்தோம், இரண்டு பக்கமும் ஸலாம் சொல்லிக்கொண்டோம். அன்று மாலையே திரைத்துணி தொங்கவிட்டார்கள். மறுநாள் உச்சியில் துணியின் நூல்கள் தனித்தனியாகத் தெரிந்தன, நூல்களுக்குப் பின்னால் காக்காவும் தெரிந்தார்.

அடுத்தடுத்த வீடுகளிலும் இப்படியே ஆனது. சுலைகா வேலையை நிறுத்திவிடட்டுமா என்று கேட்டபோது, ஆரம்பித்ததை நிறுத்தினால் முடிந்த வீட்டுக்காரர்கள் என்ன பாவம் செய்தார்கள் என்று அந்த வீட்டுக்காரர்களே சண்டைக்கு வந்தார்கள். ஆகவே நாங்கள் பழகிக்கொண்டோம். ஆண்கள் வீட்டுக்குள்ளும் சட்டை போட்டார்கள். தெருவில் நடக்கிறவர்கள் தங்கள் கால் கட்டைவிரலைப் பார்த்து நடக்கக் கற்றார்கள், இரண்டு பேர் கம்பத்தில் மோதி நெற்றி வீங்கினார்கள். மீரானுடைய மகள் வீட்டில் பதினொரு வருஷத்துக்கு முன் தொலைந்த மூக்குத்தி உத்தரத்து இடுக்கில் மின்னுவதைத் தபால்காரர் பார்த்துச் சொன்னார். கடைசி வீட்டு மருமகன் தினமும் உச்சியில் ஊஞ்சலில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுகிறான் என்பது தெரியவந்தது. காரணம் யாரும் கேட்கவில்லை, மாமியார் மட்டும் அந்த நேரத்துக்கு ஓர் இளநீரை வெட்டி அவன் பக்கத்தில் வைக்க ஆரம்பித்தாள்.

இன்னொன்றும் உண்டு. ஏழு படம் எடுக்கும்போது நடுவில் ஏதாவது அசைந்தால், ஒன்றில் இங்கே, இன்னொன்றில் அங்கே என்று அது கண்ணாடி போலப் படத்தில் தங்கிவிடும். கம்ப்யூட்டரில் அதற்குப் பேய் என்றே பெயர், சுலைகா பிசிறு என்பாள், துடைத்துவிடுவாள். மூன்றாவது வீட்டை எடுக்கும்போது முத்துவாப்பா காக்காவின் கிடா குறுக்கே போனது. சுலைகா துடைத்தாள். மறுநாளிலிருந்து கிடாவைக் காணோம்; முளையில் கயிறு இருந்தது, கயிற்றின் முடிச்சு அவிழாமல் இருந்தது, கழுத்து இருந்த இடத்தில் மட்டும் காற்று. மாலை அஸர் தொழுகை வரை தேடிவிட்டு, காக்கா வந்து சுலைகாவின் முன்னால் உட்கார்ந்து, திரும்ப வரைய முடியுமா என்று கேட்டார். துடைத்ததைத் திரும்பக் கொண்டுவர முடியவில்லை. அதன் பிறகு சுலைகா ட்ரைபாடை விரித்தால் தெருவே ஆடுமாடுகளைக் கட்டிப்போட்டு, பிள்ளைகளை மடியில் அமுக்கிக்கொண்டு, அவள் சொல்லும் ஒற்றைச் சொல்லுக்கு மூச்சைப் பிடித்து நின்றது. அசையாதீங்க என்பாள். காக்கைகூட அசையாது.

இருபத்தேழு வீடுகள் இப்படி வெளிச்சமாயின. நாலு மிச்சம் இருந்தன, அந்த நாலும் இத்தா வீடுகள்.

தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்கு வெங்காயமும் செங்கல்லும் ஏற்றிப்போன தோணி ஐப்பசிக் காற்றில் கவிழ்ந்ததாகச் செய்தி வந்திருந்தது. அதில் போன நாலு பேரும் எங்கள் தெரு மாப்பிள்ளைகள். தோணியின் தலைவன், தண்டல் என்போம், நெய்னா முகம்மது. மிச்ச மூவரில் இளையவன் அப்பாஸ், இருபத்துநாலு வயது, அவனுக்கு அதுதான் முதல் பயணம். உடல் எதுவும் வரவில்லை. உடல் இல்லாமலே பள்ளிவாசலில் மையித்துக்கான ஜனாஸாத் தொழுகை தொழுதோம், நாலு வீட்டிலும் நாலு பெண்களும் ஒரே நாளில் இத்தா இருக்கப் போனார்கள், நாலு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண் கண்ணில் படாமல். அவர்கள் வாசலை மட்டும் சுலைகா தொடவில்லை. இத்தா முடியட்டும் என்று முத்துவாப்பா காக்கா சொன்னார், அது நியாயமாகவும் இருந்தது.

ஆனால் எல்லார் அடுப்பங்கரையும் எல்லாருக்கும் தெரிகிற தெருவில் நாலு வாசல் மட்டும் கறுப்பாக நின்றால் கண் அங்கேதான் போகும். முதலில் மரியாதையாகத்தான் பார்த்தோம். பிறகு பொறாமையாக. பிறகு, எப்படி என்று சொல்லத் தெரியவில்லை, நாலில் மூன்றை விட்டுவிட்டு ஒன்றை மட்டும் பார்க்க ஆரம்பித்தோம். அது தண்டலின் மனைவி செய்னம்புவின் வீடு. பிள்ளை இல்லாதவள், உம்மாவும் போய்விட்டாள். துணைக்கு வந்த சாச்சியை, உம்மாவின் தங்கையை, நாற்பத்தோராம் நாள் அனுப்பிவிட்டாள். பெண்கள் நடப்பதற்கென்று வீடுகளுக்குப் பின்னால் ஓடும் முடுக்கில் அவள் கொட்டும் குப்பையில் இரண்டு ஆள் தின்ற மீன்முள் கிடந்தது. தைலம் கேட்டு அனுப்பினாள், மரம் ஏறுகிறவர்களும் தோணிக்காரர்களும் உள்ளங்கை வெடிப்புக்குப் போடுகிற தைலம். டீக்கடையில் ஒருவன், இத்தாவுக்கு நல்ல துணை அமைஞ்சிருக்கு போல என்றான். யாரும் சிரிக்கவில்லை, யாரும் அவனை அடிக்கவும் இல்லை, அடிக்காமல் இருந்ததுதான் எங்கள் முதல் குற்றம்.

முத்துவாப்பா காக்கா ஜமாத்தைக் கூட்டினார். அந்நிய ஆண் இருக்கும் வீடு என்று தெரிந்தால் அவளைத் தெருவில் வைத்திருக்க முடியாது, தெரியாமல் நாக்கு நீட்டினவன் எவனாக இருந்தாலும் அவனையும் வைத்திருக்க முடியாது, சண்டை வேண்டாம், சாட்சி வேண்டாம், இத்தா முடிந்த மறுநாள் உச்சியில் நாலு வீட்டையும் சுலைகா எடுக்கட்டும், அதற்கு மறுநாள் அவரவர் கண்ணால் பார்த்துக்கொள்ளட்டும் என்றார். சுலைகா மறுத்தால் கல்யாணப் படப் பையனைக் கூட்டிவருவோம் என்று ஒருவன் சொன்னான். அவன் எடுத்தால் செய்னம்புவின் வீடு எந்த நிறத்தில் விடியும் என்று நினைத்துப் பார்த்து நாங்கள் பயந்தோம்.

அந்த வீட்டில் இருப்பது யார் என்று அப்போது தெருவில் தெரிந்தவள் சுலைகா ஒருத்திதான். பக்கத்து வீட்டை எடுத்தபோது ஏழாவது படத்தின் ஓரத்தில் செய்னம்புவின் வாசல் ஒரு விரல் அகலத்துக்கு விழுந்திருந்தது. அந்த விரல் அகல இருட்டை அவள் வெளிச்சமாக்கிப் பார்த்தபோது அதற்குள் ஓர் ஆண் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஓரத்தை வெட்டி எறிந்துவிட்டு, முடுக்கு வழியாக நடந்து, செய்னம்புவின் பின்வாசலுக்குப் போனாள்.

செய்னம்பு வெற்றிலைத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு நேராகக் கேட்டாள். “லாத்தா, உங்க பெட்டியில என்ன தெரிஞ்சுது?”

“ஒரு ஆளு.”

“எப்பேர்ப்பட்ட ஆளு?”

“இடது காது மேல கொஞ்சம் இல்லாத ஆளு.”

தோணியின் பாய்மரக் கயிறு அறுத்துக்கொண்டுபோன காது அது, ஊருக்கே தெரிந்த காது. சாமான் அறைக் கதவு உள்ளிருந்து திறந்தது, நெய்னா முகம்மது வந்து சுவரோரமாக உட்கார்ந்தான்.

அவன் சொன்னதை சுலைகா பிற்பாடு எங்களுக்குச் சொன்னாள். தோணி கவிழ்ந்ததும் இரண்டு பேர் அப்போதே போய்விட்டார்கள். அவனும் அப்பாஸும் ஒரு காலித் தண்ணீர்ப் பீப்பாயின் இரண்டு பக்கமும் தொங்கி, மேலே கையோடு கை கோத்துக்கொண்டு இரண்டு பகல் கிடந்தார்கள். பீப்பாய் ஒருத்தனைத்தான் தாங்கும் போலிருந்தது. மூன்றாம் பகல் ஏதோ நாட்டு மீன்பிடிப் படகு வந்தபோது ஒருத்தன்தான் இருந்தான். கரை சேர்த்து, சிறையில் வைத்து, விட்டார்கள். நாற்பதாம் நாள் மாலை வெள்ளைத் துப்பட்டியால் தலையிலிருந்து கால் வரை மூடிக்கொண்டு முடுக்கு வழியாக வந்து சேர்ந்தான்; எங்கள் ஊரில் முடுக்கில் துப்பட்டி போட்டு நடக்கிறவரை எந்த ஆணும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. வந்தவனுக்கு வாசல் வழியே தெருவுக்குப் போக முடியவில்லை. அந்தப் பக்கம் மற்ற மூவரின் வீடுகள் இருந்தன. அதிலும் அப்பாஸின் மனைவி ஹாஜராவின் வீடு நேரெதிரே இருந்தது. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று அவன் சாமான் அறையிலேயே தங்கிவிட்டான், அவள் உயிரோடு இருக்கும் புருஷனுக்கு இத்தா இருந்துகொண்டு அவனுக்கு மீன் ஆய்ந்தாள். உச்சி நேரத்தில் மட்டும் கூடத்துக்கு வந்து, வாசலுக்கு நாலடி உள்ளே நின்று, தெருவைப் பார்ப்பான். அவனுக்கு மிச்சமிருந்த ஊர் அந்த ஒரு வாசல் அளவுதான்.

படம் எடுக்கும் நாளைக்கு முந்தின நாள் சுலைகா மறுபடியும் போனாள். இத்தா முடிகிற குளிப்புக்காக செய்னம்பு கிணற்றடியில் இருந்தாள். நெய்னா குரலைத் தாழ்த்திக்கொண்டு, காக்காவுடைய கிடாவை எப்படித் துடைத்தாள் என்று விசாரித்தான், எவ்வளவு நேரம் பிடித்தது என்று விசாரித்தான். அவள் சொன்னாள்.

“அதுக்கு வலிச்சிருக்குமா லாத்தா?”

அவன் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே பேசினான். “ஆறாவது படம் வரைக்கும் நிக்கிறேன். ஏழாவதுல நடந்திருவேன். பிசிறாத் தெரியும்ல, தொடச்சிருங்க. மறுநாள் வந்து பாக்கிறவனுக்கு வீடு சுத்தமா இருக்கும். அவ தலை நிமிந்து நடப்பா. ஏற்கெனவே தொழுவிச்சு முடிச்ச மௌத்துதானே.”

சுலைகா ஆமென்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. தான் செய்ததிலேயே பெரிய தப்பு அதுதான் என்று பிறகு சொன்னாள்.

மறுநாள் வெயில் ஊசி மாதிரி இறங்கியது. நடுப்பகல் லுஹர் தொழுகைக்கான பாங்குக்கு முன்னால் நாலு வீடும் முடிய வேண்டும் என்பது ஏற்பாடு. இத்தா முடித்த பெண்கள் நாலு மாதத்துக்குப் பிறகு முதன்முதலாகத் தெருவுக்கு வந்து, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, வெளிச்சத்துக்குக் கண் கூசி நின்றார்கள். முதல் இரண்டு வீடுகள் முடிந்தன. மூன்றாவதாக ஹாஜராவின் வீடு முடிந்தது. பிறகு சுலைகா ட்ரைபாடை அப்படியே திருப்பி, செய்னம்புவின் கறுப்பு வாசலுக்கு நேரே வைத்து, நீர்மட்டத்தைச் சரிபார்த்து, கால்களை இறுக்கினாள். வீட்டுக்காரி வெளியே நிற்க வேண்டும் என்று முத்துவாப்பா காக்கா கேட்டிருந்தார். செய்னம்பு கேமராவுக்கு ஒரு முழம் தள்ளி நின்றாள்.

அவளுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அன்று காலையில் பசியாறிவிட்டு அவன் தன் தட்டைத் தானே கழுவிப் பலகையில் கவிழ்த்து வைத்திருந்தான். எட்டு வருஷத்தில் ஒரு தம்ளரைக்கூடக் கழுவாத மனிதன். கைலிகளை மடித்துப் பெட்டியின் அடியில் வைத்திருந்தான். அவள் கவிழ்ந்த தட்டைக் கையில் எடுத்துப் பார்த்தாள், அதில் ஒரு பொட்டு எண்ணெய்கூட இல்லை. அப்போதிலிருந்து இந்த ஒரு முழத் தூரம் வரை அவள் வாய் திறக்கவில்லை.

அசையாதீங்க என்றாள் சுலைகா.

தெரு நின்றது. ஒன்று. இரண்டு. மூன்றும் நாலும் அடுத்தடுத்து விழுந்தன, காதில் படாத அளவுக்கு மெதுவாக. ஐந்தாவதற்கு ஒரு மூச்சு. ஆறாவதற்கு இரண்டு நொடி. எங்கள் நெற்றியிலிருந்து வேர்வை இறங்கிக் கண்ணுக்குள் போனது, துடைக்கவில்லை. ஏழாவதற்கு சுலைகாவின் விரல் கேபிளின் நுனியில் காத்திருந்ததைப் பார்த்தோம். பிறகு அழுத்தினாள். உதட்டுக்குள் எண்ண ஆரம்பித்தாள். ஒண்ணு. ரெண்டு.

எங்கள் தெருவில் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்வதில்லை. ரேஷன் கடையில் கேட்டால் பக்கத்தில் நிற்கிறவளிடம் ஜாடை காட்டுவார்கள், மருத்துவமனைச் சீட்டில் எழுதச் சொன்னால் எழுதிக் காட்டுவார்கள், பிரசவ வலியில்கூட அந்தப் பெயர் வாயில் வந்ததாக யாரும் கேட்டதில்லை, கத்தியால் கழுத்தை அறுத்தாலும் அவக என்றுதான் சொல்வார்கள். செய்னம்பு அந்த இருட்டைப் பார்த்து, ஒரு வீட்டிலிருந்து எதிர்வீட்டுக்குக் கேட்கிற குரலில், சொன்னாள்.

“நெய்னா முகம்மது. அங்கேயே நில்லுங்க.”

மூணு என்றாள் சுலைகா.

இன்னும் ஐந்து நொடி இருந்தது. அந்த ஐந்து நொடியில் தெரு முழுக்க ஒரே நேரத்தில் எல்லாம் விளங்கியது, மீன்முள்ளும் தைலமும் சாச்சியை அனுப்பியதும். விளங்கிய பிறகும் யாரும் அசையக் கூடாது, ஏனென்றால் அசைந்தால் என்ன ஆகும் என்பது கிடாவிலிருந்து எங்களுக்குத் தெரியும். முத்துவாப்பா காக்கா ஒரு காலை முன்னே தூக்கிவிட்டு அப்படியே கொக்கு மாதிரி நின்றார். டீக்கடையில் பேசினவன் வாயைத் திறந்தபடி நின்றான், அதற்குள் ஈ போய் வந்தது. மூன்று பெண்களும் முகத்தைக் கறுப்பு வாசலுக்குத் திருப்பியிருந்தார்கள். ஹாஜராவின் முக்காடு மட்டும், காற்றே இல்லாதபோது, நுனியில் நடுங்கிக்கொண்டிருந்தது. எட்டு என்றபோது கேமராவின் கண் மூடும் சத்தம் ஒரு கதவு சாத்துவது போலக் கேட்டது.

முத்துவாப்பா காக்கா வாசல்படி வரை போய், உள்ளே போகாமல், இருட்டுக்குள் ஸலாம் சொன்னார். இருட்டு பதில் ஸலாம் சொன்னது. அதற்கு மேல் என்ன செய்வது என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. பாங்கு சொல்லிவிட்டார்கள், தொழப் போனோம்.

அன்று பிற்பகல் சுலைகாவின் கம்ப்யூட்டர் முன்னால் செய்னம்பு உட்கார்ந்திருந்தாள். ஆறாவது படத்தில் அவன் முழுசாக நின்றான், ஆனால் முகம் சுவரின் பக்கம் திரும்பியிருந்தது. ஏழாவதில் மூன்று நொடி நடந்துவிட்டு, பெயரைக் கேட்டுத் திரும்பி, ஐந்து நொடி நின்றிருந்தான். முகம் தெரிந்தது, ஆனால் நடந்த மூன்று நொடி அவன் உடம்பிலிருந்து போயிருந்தது, தோளுக்குப் பின்னால் இருந்த சுவர்க்கடிகாரம் தோளுக்குள்ளேயே தெரிந்தது. நடக்கும்போதும் நிற்கும்போதும் கூடத்துக் கதவு நிலையைப் பிடித்திருந்த வலது கை மட்டும் துளி கலங்காமல் இருந்தது. திரையில் ஒரு சின்னக் கட்டம் வந்து, பிசிறைத் துடைக்கவா, எந்தப் படத்தை வைத்துக்கொள்ள என்று கேட்டது. ஆறாவதை வைத்தால் ஆள் முழுசாக இருப்பான், ஆனால் இனி எந்நேரமும் யாருக்கும் முகம் காட்டமாட்டான் என்று சுலைகா விளக்கினாள். செய்னம்பு வெகு நேரம் இரண்டையும் பார்த்தாள்.

“முகம் உள்ளதை வைங்க லாத்தா. குறையை நான் பாத்துக்கிடறேன்.”

மறுநாள் உச்சியில் அந்த வாசலிலும் இருட்டு இல்லை. நெய்னா முகம்மது கூடத்தில், வலது கையால் நிலையைப் பிடித்தபடி நின்றான். கடிகாரம் அவனுக்குள் பன்னிரண்டேகால் காட்டியது. நாங்கள் எல்லோரும் தெருவில் இருந்தோம். கால் கட்டைவிரலைப் பார்க்கும் பழக்கம் அன்று யாருக்கும் ஞாபகம் வரவில்லை. அவனை அடிக்க வேண்டுமா, கட்டிக்கொள்ள வேண்டுமா என்பது மூன்று பெண்கள் கையில் இருந்தது. அவர்களில் இரண்டு பேர் தங்கள் வீட்டு வாசலை விட்டு வரவில்லை. ஹாஜரா தெருவைக் கடந்து வந்து, படிக்குக் கீழே, வெயிலில் நின்றாள்.

கடைசியாக அவக பக்கத்தில் இருந்தது யார் என்று கேட்டாள்.

“நான்தான்,” என்றான்.

“கஷ்டப்பட்டாகளா?”

அவன் பொய் சொன்னால் போதும் என்று எங்களில் பலர் அந்த நேரத்தில் துஆச் செய்தோம், இப்போது ஒப்புக்கொள்கிறேன். தூக்கத்திலேயே போய்விட்டான் என்று ஒரு வார்த்தை. அவளும் வீட்டுக்குப் போவாள், தெருவும் சோறு தின்னப் போகும்.

“தெரியாதும்மா. கையோட கை பிடிச்சிருந்தோம். பீப்பாய் அமுங்குச்சு. அவன் பிடி தளந்து கெடந்துச்சு. தூங்குறானா, மௌத்தாப் போனானான்னு நான் பாக்கல. பாத்தா விட முடியாதுன்னு பாக்காமலே விட்டேன்.”

செய்னம்பு உள்ளே இரண்டாம் கட்டில் நின்றுகொண்டிருந்தாள், அவள் முகமும் தெரிந்தது, அவள் அதை இப்போதுதான் கேட்கிறாள் என்பதும் தெரிந்தது. முத்துவாப்பா காக்கா தொண்டையைச் செருமினார், ஹாஜரா திரும்பாமலே கையைத் தாழ்த்திக் காட்ட, நிறுத்திக்கொண்டார்.

“எந்தக் கை, காக்கா?” என்று நெய்னாவைக் கேட்டாள்.

அவன் நிலையை விட்டான். அதை விட்டதும் மிச்ச உடம்பு இன்னும் கொஞ்சம் வெளுத்தது போலிருந்தது. வாசலுக்கு வந்து, வலது கையை வெளியே, வெயிலுக்குள், நீட்டினான், உள்ளங்கை மேலாக. பீப்பாயின் இரும்புப் பட்டை அறுத்த தழும்பு குறுக்கே கிடந்தது. எலும்பும் நரம்பும் நகத்தின் அழுக்கும் உள்ள முழுக் கை, அது நடுங்கிக்கொண்டிருந்தது.

ஹாஜரா அதைத் தொடவில்லை. ஒரு படி ஏறி, முகத்தை அதன் பக்கத்தில் கொண்டுபோனாள்.

“ஆட்டாதீங்க,” என்றாள். “நான் பாத்துக்கிடணும்.”